கணவர் பெயரில் ஒயின் தோட்டம்: பதினைந்து அறுவடை பார்த்த எனக்கு அதில் என்ன உரிமை?

வாசகியின் கடிதம் மிக நீளமானது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

சகோதரிக்கு வயது 41, சொந்த ஊர் காரைக்கால். 2011 பிப்ரவரியில் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் ஒருவரை மணந்தார். மூன்று மாதத்தில் பிரான்ஸுக்கு வந்து, தெற்கே லாங்குதொக் பகுதியில் கணவரின் கிராமத்தில் குடியேறினார். கணவர் 2005 முதல் தன் தந்தையின் திராட்சைத் தோட்டத்தில் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தவர். 2012-இல் தந்தை ஓய்வுபெற்றதும் தொழிலைத் தன் பெயரில் பதிந்துகொண்டார். இன்று ஒன்பது ஹெக்டேரில் இயற்கை முறைத் திராட்சை, சொந்த நிலவறை, சொந்தப் பெயரில் ஒயின். அதில் ஐந்து ஹெக்டேர் மாமனாருடையது, குத்தகைப் பத்திரம் எதுவும் கிடையாது. நான்கு ஹெக்டேர் 2014-இல் கடன் வாங்கிக் கணவர் வாங்கியது.

சகோதரி 2013 முதல் 'கொன்ழுவேன் கொலாபொராத்தர்', அதாவது சம்பளமில்லாமல் தொழிலில் உதவும் துணைவர் என்ற பதிவில் இருக்கிறார். நிலவறை, மருந்துப் பதிவேடு, சுங்கத் துறைக்கு மாதாமாதம் அனுப்ப வேண்டிய இருப்புக் கணக்கு, சனிக்கிழமைச் சந்தை எல்லாம் அவர் பொறுப்பு. 2016-இல் தாய்வழிச் சொத்தில் தனக்கு வந்த பணத்தை வங்கி மூலம் கொண்டுவந்து, திராட்சை பிழியும் பிரஸ் வாங்கக் கொடுத்தார். காரைக்கால் வீட்டில் இன்னும் ஒரு பங்கு அவர் பெயரில் இருக்கிறது.

இப்போது நான்கு விஷயங்கள் ஒன்றாக வந்து நிற்கின்றன. 78 வயது மாமனாருக்குப் பக்கவாதம் வந்து உடல் தளர்ந்துவிட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது. கொழுந்தனும் நாத்தனாரும் நிலத்தில் பங்கு கேட்கிறார்கள். தாத்தா காலத்துக் கரிஞான் (சிவப்பு ஒயின் திராட்சை வகை) கொடிகளைப் பிடுங்கிவிட்டு, ஹெக்டேருக்கு 4,000 யூரோ அரசு ஊக்கத்தொகை வாங்கியிருக்கலாமே என்கிறார் கொழுந்தன். வேளாண் சமூகக் காப்பீட்டு நிறுவனமான எம்.எஸ்.ஏ., சகோதரியின் பதிவு 2026-உடன் முடிகிறது என்று கடிதம் அனுப்பியிருக்கிறது. புதிய தொட்டிகளுக்கும் குளிரூட்டும் கருவிக்கும் கணவர் கேட்ட கடனுக்கு, "நீங்களும் ஒரு கையெழுத்துப் போடுங்கள், வெறும் சம்பிரதாயம்தான்" என்கிறது வங்கி.

"என் கணவர் நல்லவர். எங்களுக்குள் சண்டை இல்லை. எங்கள் கல்யாணம் இந்தியாவில் இந்து முறைப்படி நடந்தது, அதனால் அவர் சொத்தில் எனக்குப் பங்கு கிடையாது என்று தெரியும். தோட்டம் உங்களுக்குத்தான் என்று மாமனார் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் பேப்பர் கேட்டால் பிரிந்துபோகத் திட்டமிடுகிறேன் என்று நினைத்துவிடுவார்களோ?" என்று முடித்திருக்கிறார். லேபிளில் தன் பெயரும் வர முடியுமா என்று ஓரத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கிறார்.

அன்புச் சகோதரி,

உங்களுக்குப் பங்கு கிடையாது என்று இத்தனை ஆண்டுகளாக நம்பிக்கொண்டு உழைத்திருக்கிறீர்கள். அது தவறான நம்பிக்கை. அதைத் திருத்திவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும்.

உங்கள் திருமணம் எந்த முறைப்படி நடந்தது என்பது ஒரு கேள்வி. ஆனால் தம்பதியின் சொத்து யாருக்கு எப்படிச் சேரும் என்பது வேறு கேள்வி. பிரான்ஸ் ஏற்றுக்கொண்ட 1978-ஆம் ஆண்டு ஹேக் உடன்படிக்கைப்படி, 1992 செப்டம்பர் 1-க்கும் 2019 ஜனவரி 28-க்கும் இடையில் மணந்தவர்கள் ஒப்பந்தம் எதுவும் எழுதாமல் இருந்தால், திருமணத்துக்குப் பிறகு முதலில் எந்த நாட்டில் சேர்ந்து குடியிருந்தார்களோ, பொதுவாக அந்த நாட்டின் சட்டம்தான் அவர்கள் சொத்துக்கு. எங்கே தாலி கட்டினார்கள் என்பதை அது பார்ப்பதில்லை. நீங்கள் மூன்று மாதத்தில் பிரான்ஸில் குடியேறிவிட்டீர்கள். எனவே உங்களுக்குப் பொருந்துவது பிரெஞ்சுச் சட்டத்தின் பொது முறை: திருமணத்துக்குப் பிறகு இருவரும் உழைத்துச் சேர்த்தது இருவருக்கும் பொது. திருமணத்துக்கு முன் இருந்ததும், வாரிசாகவோ அன்பளிப்பாகவோ வந்ததும் மட்டும் அவரவருக்குத் தனி.

இதை உங்கள் தோட்டத்தில் பொருத்திப் பாருங்கள். 2014-இல் வாங்கிய நான்கு ஹெக்டேர், பத்திரத்தில் கணவர் பெயர் மட்டும் இருந்தாலும், இருவருக்கும் பொது. 2012-இல் தொடங்கிய தொழில், டிராக்டர், தொட்டிகள், நிலவறையில் இருக்கும் ஒயின், வாடிக்கையாளர்கள், எல்லாம் பொதுச் சொத்து. உங்கள் சம்மதம் இல்லாமல் அந்த நிலத்தையோ தொழிலையோ அவர் விற்கவே முடியாது. பிரஸ் வாங்கக் கொடுத்த பணம் உங்கள் தனிச் சொத்திலிருந்து பொதுச் சொத்துக்குப் போனது. கணக்குத் தீர்க்கும் நாளில் அதைத் திருப்பிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. வங்கி மூலம் அனுப்பியதுதான் உங்களைக் காப்பாற்றும். அந்த 2016 வங்கி அறிக்கையை இன்றே எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பழைய அறிக்கைகளை வங்கிகள் எப்போதும் வைத்திருப்பதில்லை.

மாமனாரின் ஐந்து ஹெக்டேர் கதை வேறு. அது நாளை கணவருக்கு வந்தாலும் அவருடைய தனிச் சொத்தாகவே வரும், உங்களுக்குப் பொதுவாகாது. உங்கள் கவலையில் பாதி இந்த நிலத்தைப் பற்றியதுதான். அதற்குக் கீழே வருகிறேன். அதற்கு முன் வங்கி விஷயம், ஏனென்றால் அதுதான் அவசரம்.

வங்கி நீட்டும் காகிதம்

தயவுசெய்து இன்னும் கையெழுத்துப் போடாதீர்கள். போடவே கூடாது என்று சொல்லவில்லை. எந்தக் காகிதம் என்று தெரியாமல் போடாதீர்கள்.

பிரெஞ்சு சிவில் சட்டத்தின் 1415-ஆம் பிரிவு உங்களைப் போன்ற துணைவர்களுக்காகவே எழுதப்பட்டது. கணவர் தனியாகக் கடன் வாங்கினால், அவருடைய தனிச் சொத்தும் வருமானமும் மட்டுமே அதற்குப் பிணை. பொதுச் சொத்தை வங்கி தொட முடியாது. நீங்கள் வெளிப்படையாகச் சம்மதம் தந்தால் பொதுச் சொத்தும் பிணையாகிவிடும், ஆனால் உங்கள் தனிச் சொத்து அப்போதும் தப்பும். நீங்கள் சேர்ந்து கடன் வாங்குபவராகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்துப் போட்டால் எதுவும் தப்பாது. காரைக்கால் வீட்டுப் பங்கு, நாளை நீங்கள் வாங்கப்போகும் சம்பளம் எல்லாம் கணக்கில் வந்துவிடும்.

ஆக, ஒரே கையெழுத்து மூன்று விதமாக இருக்கலாம். "வெறும் சம்பிரதாயம்" என்று வங்கி ஊழியர் சொன்னது எது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். கணவர் கட்டாவிட்டால் நான் கட்டுகிறேன் என்று, தொகையை எண்ணாலும் எழுத்தாலும் குறிப்பிட்டு, உங்களையே ஒரு வாசகம் எழுதச் சொன்னால் அது ஜாமீன். சட்டம் அப்படி எழுதச் சொல்வதே, என்ன செய்கிறோம் என்று கை உணர வேண்டும் என்பதற்காகத்தான். உங்களுக்குப் பிரெஞ்சு பேச வந்தாலும் சட்டப் பிரெஞ்சு வேறு. காகிதத்தை வீட்டுக்கு எடுத்துவந்து படிக்க நேரம் கேளுங்கள். மறுக்க மாட்டார்கள், மறுத்தால் அதுவே ஒரு எச்சரிக்கை.

என் ஆலோசனை: தொட்டி தேவைதான், கடனும் தேவைதான். ஆனால் வெறும் சம்மதக் கையெழுத்து மட்டும் தர முன்வாருங்கள். தொட்டியையும் கருவியையுமே பிணையாக எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கணவர் பேரம் பேசட்டும். லாங்குதொக்கில் இன்று ஒயின் விற்பனை எப்படி மந்தமாக இருக்கிறது, வறட்சி எப்படி விளைச்சலைச் சாப்பிடுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். குடும்பத்தில் ஒருவருடைய சொத்தாவது இந்தக் கடனுக்கு வெளியே நிற்பது கணவருக்கும் பிள்ளைகளுக்கும் நல்லது.

2026 டிசம்பர் 31-க்குப் பிறகு நீங்கள் யார்?

எம்.எஸ்.ஏ. அனுப்பிய கடிதம் தவறல்ல. சம்பளமில்லாத துணைவர் என்ற பதிவை 2022 ஜனவரி 1 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் என்று சட்டம் சுருக்கிவிட்டது. ஏற்கெனவே அந்தப் பதிவில் இருந்தவர்களுக்கும் அந்த நாளிலிருந்தே ஐந்து ஆண்டு ஓடுகிறது. ஓய்வு வயதை நெருங்கியவர்களுக்கு ஒரு விலக்கு உண்டு, உங்கள் வயதுக்கு அது கிடையாது. பலர் இதை ஒரு தண்டனை போல நினைத்து எனக்கு எழுதுகிறார்கள். உண்மையில் வாழ்நாள் முழுக்கத் தோட்டத்தில் உழைத்துவிட்டுச் சொற்ப ஓய்வூதியத்தோடு நிற்கும் மனைவிமாரைப் பார்த்துத்தான் இந்த வரம்பு வந்தது. உங்களுக்கு இது ஒரு நல்ல சாக்கு. "நான் கேட்கவில்லை, சட்டம் கேட்கிறது" என்று சொல்லிப் பேச்சை ஆரம்பிக்கலாம்.

நீங்கள் எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் சட்டம் உங்களைக் கணவரிடம் வேலை பார்க்கும் சம்பளக்காரராகக் கருதிவிடும். சம்பளச் சீட்டு, ஓய்வூதியம் எல்லாம் வரும். ஆனால் அதற்கான பங்களிப்புத் தொகை ஒரு சின்னத் தோட்டத்துக்குக் கனமானது. இன்னொன்று, பதினைந்து ஆண்டு எஜமானியாக இருந்த இடத்தில் ஊழியராக ஆகிவிடுவீர்கள். தோட்டம் கைமாறும் காலத்தில் முடிவெடுக்கும் மேசையில் ஊழியருக்கு நாற்காலி கிடையாது.

நான் பரிந்துரைப்பது நிறுவனம். விவசாயத்துக்கென்றே உள்ள ஈ.ஏ.ஆர்.எல். என்ற வகை, 1985 முதல் கணவன் மனைவி இருவர் மட்டுமே சேர்ந்து தொடங்கக்கூடியது. மூலதனம் குறைந்தது 7,500 யூரோ, கடனுக்கான பொறுப்பு போட்ட மூலதனத்தோடு நிற்கும், நிலத்தை உள்ளே போடத் தேவையில்லை. நீங்களும் தோட்டத்தின் தலைவர்களில் ஒருவராக எம்.எஸ்.ஏ.-வில் பதிவாவீர்கள். காயெக் என்ற கூட்டுப் பண்ணை வகையும் 2010 முதல் தம்பதிகளுக்குத் திறந்திருக்கிறது. அரசு மானியக் கணக்கில் அதற்குச் சில சலுகைகள் உண்டு. ஆனால் அரசின் அங்கீகாரம் வாங்க வேண்டும், விதிகள் கடுமை. உங்களைப் போல ஒருவர் சந்தை, இணைய விற்பனை என்று வெளியே ஓடும் வீட்டுக்கு முதலாவது எளிது. இரண்டு பேரும் பங்களிப்புக் கட்ட வேண்டும் என்பதால் செலவு இப்போதைவிடக் கூடும், அதை மறைக்க விரும்பவில்லை. கணக்காளரிடம் இரண்டு மூன்று ஆண்டு வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒருவேளை கணவர் தனியாக நிறுவனம் தொடங்கினாலும், பொதுச் சொத்தை அதில் போடுகிறார் என்றால் முன்கூட்டியே உங்களுக்குத் தெரிவித்தாக வேண்டும். பாதிப் பங்குக்கு நானும் பங்குதாரர் என்று நீங்கள் அப்போதே அறிவிக்கலாம். சிவில் சட்டத்தின் 1832-2 பிரிவு தரும் உரிமை இது. கேட்டால் தருவார்களா என்று தயங்க வேண்டிய சலுகை அல்ல.

கொழுந்தன் பயமுறுத்துவது போல, நிறுவனம் தொடங்கினால் இயற்கை முறைச் சான்றிதழ் போய் மறுபடி மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டுமா? வேண்டாம், ஒரு நிபந்தனையோடு. மூன்று ஆண்டு மாற்றுக் காலம் நிலத்துக்கும் கொடிக்கும் உரியது. அதை நீங்கள் ஏற்கெனவே கடந்துவிட்டீர்கள். சான்றிதழ் மட்டும் நடத்துபவர் பெயரில் இருக்கிறது. புதிய நிறுவனம் தொடங்கும் நாளுக்கு முன்பே அதன் பெயரில் அறிவிப்புக் கொடுத்து, சான்றளிக்கும் அமைப்போடு ஒப்பந்தம் போட்டுவிட வேண்டும். இடையில் ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. சுங்கத் துறையின் அனுமதி, தோட்டப் பதிவேடு, அப்பெலாசியோன் (ஒயின் விளைந்த பகுதியின் பாதுகாக்கப்பட்ட பெயர்) பதிவு எல்லாவற்றுக்கும் இதே மாதிரிப் பெயர் மாற்றம் உண்டு. அறுவடைக் காலத்தில் இதைச் செய்யாதீர்கள். நிலவறை காலியாக, மனசு காலியாக இருக்கும் மாதமாகப் பாருங்கள்.

மாமனாரின் வாக்கும் ஐந்து ஹெக்டேரும்

மாமனார் மனதார சொல்லியிருப்பார், சந்தேகமில்லை. ஆனால் பிரான்ஸில் ஒரு தகப்பன் தன் சொத்தை இஷ்டப்படி ஒரு பிள்ளைக்கே எழுத முடியாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் நான்கில் மூன்று பங்கு பிள்ளைகளுக்கென்று சட்டம் ஒதுக்கிவிடுகிறது. நான்கில் ஒரு பங்குதான் அவர் விருப்பப்படி தரலாம். எனவே "தோட்டம் உங்களுக்குத்தான்" என்ற வாக்கை அவர் நிறைவேற்ற விரும்பினால், அவர் இருக்கும்போதே, மற்ற இருவருக்கும் ஈடு கொடுத்துத்தான் முடியும். கொழுந்தனையும் நாத்தனாரையும் பேராசைக்காரர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அவர்கள் கேட்பது அவர்களுக்குச் சட்டம் தந்த பங்கு. அதோடு நீங்கள் சண்டை போட முடியாது, பேசித் தீர்க்கத்தான் முடியும்.

பேச்சுக்குப் போகும்போது உங்கள் பக்கம் வெறுங்கை அல்ல. மூன்று விஷயங்கள் இருக்கின்றன.

ஒன்று, குத்தகை. பத்திரம் இல்லையே என்கிறீர்கள். பிரெஞ்சு வேளாண் சட்டத்தில் வாய்வழிக் குத்தகையும் குத்தகைதான். ஒன்பது ஆண்டுக்கு என்று சட்டமே கருதிக்கொள்ளும், பின்பு தானாகப் புதுப்பிக்கும். ஆனால் இலவசமாக நிலத்தைக் கொடுத்திருந்தால் அது குத்தகை ஆகாது. இங்கே உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி எனக்கு முக்கியமாகப் படுகிறது: 2012 முதல் மாமனாரின் நிலவரியைத் தோட்டக் கணக்கிலிருந்து நீங்கள்தான் கட்டுகிறீர்கள், ஒவ்வோர் ஆண்டும் பெட்டி பெட்டியாக ஒயினும் தருகிறீர்கள். இது நிலத்துக்கான ஈடு என்று வாதிடலாம். குடும்ப உதவிதான், குத்தகை இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். தீர்ப்பு எப்படியும் போகலாம். இத்தகைய வழக்குக்கென்றே தனி நீதிமன்றம் உண்டு. நீதிபதியோடு நில உரிமையாளர் தரப்பில் இருவரும் குத்தகைக்காரர் தரப்பில் இருவரும் உட்காருவார்கள். அங்கே போகாமலே, மாமனார் இன்று ஒரு குத்தகைப் பத்திரம் எழுதித் தந்தால் விவாதமே முடிந்தது. நிலம் யாருக்குப் போனாலும் குத்தகை தொடரும், உங்கள் சம்மதமில்லாமல் கரிஞான் கொடிகளைப் பிடுங்கச் சொல்ல எவராலும் முடியாது, நிலத்தை விற்றால் வாங்கும் முன்னுரிமை குத்தகைக்காரருக்கே. தோட்டத்தில் பங்கெடுக்கும் மனைவியின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் கணவரால்கூடக் குத்தகையை விட்டுக்கொடுக்க முடியாது.

இரண்டு, கணவரின் சம்பளமில்லாத ஆண்டுகள். 2005 முதல் 2012 வரை அவர் தந்தையிடம் சம்பளமோ லாபப் பங்கோ இல்லாமல் வேலை பார்த்தார். அதற்குச் 'சலேர் திஃபெரே', தள்ளிவைத்த சம்பளம் என்ற உரிமை உண்டு. ஓர் ஆண்டுக்கு, குறைந்தபட்ச மணிக்கூலியை 2,080 மணியால் பெருக்கி அதில் மூன்றில் இரண்டு பங்கு. இன்றைய கூலியில் அது ஆண்டுக்கு 16,000 யூரோவுக்கு மேல், அதிகபட்சம் பத்து ஆண்டுகள் வரை கேட்கலாம். தந்தையின் சொத்தைப் பிரிக்கும்போது முதலில் இந்தக் கடன் கழிந்த பிறகே மற்றவர்களுக்குப் பங்கு. நீங்கள் 2011-இல் வந்து பங்கெடுத்த காலத்துக்கும் உங்களுக்கென்று ஓர் உரிமை உண்டு, அளவில் சின்னதுதான். கணவருக்கு இது தெரிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம். சொல்லுங்கள்.

மூன்று, உங்கள் உழைப்பு. சொத்து பிரியும்போது, அந்தப் பண்ணையில் உழைத்த வாரிசு அதை எனக்கே ஒதுக்குங்கள், மற்றவர்களுக்குப் பணமாகத் தருகிறேன் என்று கேட்கலாம். சிவில் சட்டத்தின் 831-ஆம் பிரிவு இது. வாரிசின் மனைவி உழைத்ததும் அந்தக் கணக்கில் சேரும் என்று சட்டமே சொல்கிறது.

இங்கேதான் நீங்கள் அனுப்பிய அந்தப் புகைப்படம் எனக்கு வேலைக்கு வருகிறது. மருந்துப் பதிவேட்டின் ஒரு பக்கம். தேதி, பாத்தி எண், எத்தனை கிராம் செம்பு தெளித்தோம், மழை எத்தனை மில்லிமீட்டர், எல்லாம் உருண்டையான உங்கள் கையெழுத்தில். ஏழு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு போகக் கூடாது என்ற இயற்கை விவசாய விதிக்காக நீங்கள் எழுதி வைத்த கணக்கு அது. நிலவறைப் பதிவேட்டில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒயின் கெடாமல் காக்கும் சல்ஃபைட் எவ்வளவு சேர்த்தீர்கள் என்பதும் அதே கையெழுத்து. இயற்கை முறைச் சிவப்பு ஒயினில் லிட்டருக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதே என்று பார்த்துப் பார்த்து எழுதியது. தோட்டத்தில் நேரடியாக, உண்மையாக உழைத்தேன் என்று நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சியம் ஒரு வழக்கறிஞருக்குக் கிடைக்காது. பழைய பதிவேடுகளை ஒன்றைக்கூடத் தூக்கிப் போடாதீர்கள். நகல் எடுத்து வீட்டுக்கு வெளியே ஓரிடத்தில் வையுங்கள்.

இந்த மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நான் காட்டும் வழி 'தொனாசியோன் பர்த்தாழ்', மாமனார் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகளுக்குள் பிரித்துத் தரும் கொடைப் பத்திரம். மூன்று பிள்ளைகளும் ஒப்புக்கொண்டால் அன்றைய மதிப்பே கடைசிவரை நிற்கும். நாளை நீங்கள் உழைத்து நிலத்தின் மதிப்பைக் கூட்டினால், அந்த உயர்வில் பங்கு கேட்டு யாரும் வர முடியாது. கணவருக்குக் கொடிகள், மற்ற இருவருக்கும் கிராமத்து வீடு, சேமிப்பு, மீதிக்கு உங்களிடமிருந்து தவணைப் பணம் என்று போகலாம். தள்ளிவைத்த சம்பளத்தையும் இதிலேயே தீர்த்துவிடலாம். பெற்றோர் ஒருவரிடமிருந்து ஒவ்வொரு பிள்ளைக்கும் 15 ஆண்டுக்கு ஒருமுறை 1,00,000 யூரோ வரை கொடைக்கு வரி இல்லை. 18 ஆண்டு நீண்டகாலக் குத்தகையில் இருக்கும் நிலத்துக்கு ஒரு வரம்பு வரை நான்கில் மூன்று பங்கு மதிப்புக்கு வரிவிலக்கும் உண்டு; ஆனால் கொடை பெறுபவரோ அவருடைய நிறுவனமோ குத்தகைக்காரராக இருந்தால், கொடைக்கு இரண்டு ஆண்டுக்கு முன்பாவது குத்தகை எழுதியிருக்க வேண்டும். எனவே வரிசை முக்கியம்: முதலில் நிறுவனம், அடுத்து நிறுவனத்தின் பெயருக்கு நீண்டகாலக் குத்தகை, பிறகு கொடைப் பத்திரம். அப்படிச் செய்தால் நிலம் கணவருடையது, குத்தகை நிறுவனத்துடையது, நிறுவனத்தில் பாதி உங்களுடையது. மாமனாரின் உடல்நிலையைப் பார்த்தால் மாதங்களைக் கடத்த வேண்டாம். தெளிவான புத்தியோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் ஒரு சான்று வாங்கி வைப்பது பின்னால் யாரும் பத்திரத்தைக் கேள்வி கேட்காமல் தடுக்கும். அவரை நெருக்க வேண்டாம். அவருக்கு விருப்பமில்லாவிட்டால் குத்தகைப் பத்திரம் மட்டுமாவது கேளுங்கள்.

நல்லவர் இல்லாத நாள்

கணவர் நல்லவர் என்று கடிதத்தில் ஐந்தாறு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அதனாலேயே இதை அவரிடம் நேராகச் சொல்லலாம். காகிதம் கேட்பது அவரை நம்பாததால் அல்ல. அவர் இல்லாமல் போனால் உங்களோடு மேசையில் உட்காரப் போவது அவரல்ல, அவருடைய அண்ணன் தம்பி அக்காள் தங்கையும் வங்கியும்தான். நிலவறை ஏணியிலிருந்து விழுந்து அவர் நாற்பது நாள் படுத்திருந்தபோது தொட்டிகளை நீங்கள் தனியாகப் பார்த்துக்கொண்டதை எழுதியிருந்தீர்கள். அந்த நாட்களில் வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடக்கூட உங்களுக்கு அதிகாரம் இல்லாமல் இருந்ததையும் எழுதியிருந்தீர்கள். அதை அவருக்கு நினைவுபடுத்துங்கள்.

கணவர் காலமானால், உங்கள் இருவருக்கும் பிறந்த பிள்ளைகள் மட்டுமே இருப்பதால், அவர் சொத்து முழுவதையும் அனுபவிக்கும் உரிமையோ நான்கில் ஒரு பங்கு முழு உரிமையோ நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். பொதுச் சொத்தில் உங்கள் பாதி அதற்கு முன்பே தனியாகப் பிரிந்துவிடும். பத்து ஆண்டுக்கு மேல் சம்பளமில்லாமல் பண்ணையில் உழைத்த மனைவிக்கு, குறைந்தபட்ச ஆண்டு ஊதியத்தைப் போல மூன்று மடங்கு தொகை, சொத்தில் கால் பங்கை மிஞ்சாமல், தனியாகக் கிடைக்கும். நொத்தேரிடம், அதாவது சொத்துப் பத்திரங்களை எழுதிப் பதியும் சட்ட அதிகாரியிடம், போகும் அன்றே, துணைவருக்குக் கூடுதல் உரிமை தரும் கொடைப் பத்திரம் ஒன்றையும் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளுங்கள். சின்ன வேலை, சின்னச் செலவு.

லேபிள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒயினின் பெயரை 2016-இல் கணவர் பெயரில் மட்டும் வணிகக் குறியாகப் பதிந்திருக்கிறீர்கள். பிரான்ஸில் அது பத்து ஆண்டுக்குத்தான் செல்லும், ஆக இந்த ஆண்டே புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஆறு மாத அவகாசம் கூடுதல் கட்டணத்தோடு உண்டு. புதுப்பிக்கும் கையோடு, உரிமையில் உங்களையும் சேர்த்து அந்த மாற்றத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், அல்லது குறியை நிறுவனத்தின் பெயருக்கு மாற்றிவிடுங்கள். லேபிளில் புட்டியில் அடைத்தவர் பெயர் கட்டாயம் வர வேண்டும். நிறுவனத்துக்கு உங்கள் இருவர் பெயரையும் சேர்த்து வைத்தால் அந்த இடத்திலேயே வந்துவிடும்.

அடுத்து செய்ய வேண்டியது: வங்கிக் காகிதத்தின் நகல், 2016 வங்கி அறிக்கை, 2012 முதல் கட்டிய நிலவரி ரசீதுகள், எம்.எஸ்.ஏ. கடிதம், திருமணப் பதிவும் குடும்பப் புத்தகமும். இவற்றோடு ஒரு நொத்தேரைப் பாருங்கள். மாமனார் குடும்பத்து நொத்தேர் நல்லவராகவே இருக்கலாம், ஆனாலும் நீங்களும் கணவரும் உங்களுக்கென்று ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். கொடைப் பத்திரத்தை இரண்டு நொத்தேர்கள் சேர்ந்து எழுதினால் கட்டணம் இரட்டிப்பாகாது, அவர்களே பகிர்ந்துகொள்வார்கள். விவசாயச் சட்டம் பழகியவரா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். வங்கிக் காகிதத்தின் நகல் கிடைத்ததும் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்; அது மூன்றில் எந்தக் கையெழுத்து என்று பார்த்துச் சொல்கிறேன்.